ஜூன் முதல் மார்ச் வரை: டெல்டா பள்ளி மாணவர்கள் போட்டோவும் செய்தியும் பழக ஒரு வழிகாட்டி

போட்டோகிராபி கற்க ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்பது “எந்த கேமரா வாங்கலாம்?” என்பதுதான். நிருபர் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் “எந்த காலேஜ் நல்லது?” என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை, பதினெட்டு வயது ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நான் சொல்லும் வழி சுருக்கமானது. போட்டோ தனி, எழுத்து தனி என்று பிரித்துப் படிக்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளி ஆண்டு முழுக்க அதன் பின்னாலேயே போங்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பள்ளி திறப்பதும் ஜூன், மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பதும் ஜூன் 12. காலாண்டுத் தேர்வு நேரத்தில் சம்பா நடவு, அரையாண்டு நேரத்தில் மழை, பொங்கலை ஒட்டி அறுவடை, பொதுத்தேர்வுக்குப் படிக்க உட்காரும் நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல். பாடத்திட்டம் போட வேறு ஆள் தேவையில்லை.

விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது

“விவசாயம்” என்று எடுத்தால் ஒரு படமும் தேறாது, ஒரு வரியும் ஓடாது. “எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும் வாய்க்காலுக்கு இந்த வருஷம் தண்ணீர் என்றைக்கு வந்தது, எதுவரை போனது?” என்று கேளுங்கள், வேலை தொடங்கிவிடும். அதேபோல ஒரு வயலை நாற்றங்காலிலிருந்து மூட்டை கட்டுவது வரை தொடரலாம். வேதாரண்யம் பக்கம் என்றால் ஒரு உப்பளம், நாகப்பட்டினம் என்றால் மீன் இறங்குதளம், திருபுவனம் என்றால் ஒரு பட்டுத்தறி, நாச்சியார்கோவில் என்றால் ஒரு குத்துவிளக்குப் பட்டறை.

இரண்டு நிபந்தனைகள்தான். சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் அதில் ஏதாவது மாற வேண்டும். பெரிய கோயில் கோபுரத்தையும் காவிரிக்கரைச் சூரியோதயத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அழகாக வரும், லைக்கும் விழும், ஆனால் பத்து முறை எடுத்தாலும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

பெரிய கோயிலையே வேறு கண்ணால் பார்த்த ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சாவூர் வந்து, கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் காலம் அது. கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே குனிந்து கல்வெட்டை வரிசையாகப் பதிவு செய்யத் தோன்றியதே, அந்தப் புத்திதான் ஒரு செய்திப் படக்காரருக்கு வேண்டும்.

கையில் இருக்கும் போனைச் சரி செய்வது

வீட்டில் ஒரு போன் இருக்கும், அதுவும் அப்பாவுடையதாக இருக்கும். அது போதும். முதலில் லென்ஸை நல்ல பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு அங்கேயே தீர்வு கிடைத்துவிடும். அடுத்து பியூட்டி மோடை அணையுங்கள். வெயிலில் கறுத்த முகத்தை அது வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்துவிடும். செய்திப் படத்தில் அது பொய். கட்டக் கோடுகளைத் திரையில் வரவையுங்கள். அடிவானம் சாயாமல் இருக்கும். விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள், நாலு எட்டு முன்னால் போங்கள்.

வெளிச்சத்தில் டெல்டாவுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும். அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததும் போன் படத்தை இருட்டாக்கிவிடும். நடவு செய்கிறவர் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே நகர்த்துங்கள். வெள்ளை வேட்டிக் கூட்டத்துக்கும் உப்பளத்துக்கும் இதே வைத்தியம். எருமை, இருட்டுத் திண்ணை, கறுப்பு மண் என்றால் நேர் எதிர்: குறியைக் கீழே இறக்க வேண்டும்.

ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தைத் தொட்டுப் பாருங்கள். நாற்றுமுடியை (நாற்றுக் கட்டை) வரப்பிலிருந்து வயலுக்குள் வீசும்போது 1/500 விநாடி வைத்தால் முடி காற்றில் நிற்கும், தெறிக்கும் துளிகூடத் தெரியும். 1/15 வைத்தால் முடி ஒரு பச்சைக் கோடாகிவிடும். ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புத்தகத்தில் மூன்று அத்தியாயம் படித்தது மாதிரி.

நேரம்: காலை ஒன்பதுக்குள், மாலை நாலரைக்கு மேல். மார்கழிப் பனியில் விடியற்காலைப் படம் சப்பென்று வரும். வெயில் பனியைக் கிழிக்கும்வரை பொறுங்கள். உச்சி வெயிலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஆளைக் கொட்டகை நிழலின் விளிம்புக்கு வரச்சொல்லுங்கள்.

ஒரு இடம், ஐந்து வகைப் படம்

எங்கே போனாலும் ஐந்து வகையாக எடுத்துப் பழகுங்கள். இடம் முழுவதும் தெரியும் தூரப் படம். இன்னார் இன்ன வேலை செய்கிறார் என்று காட்டும் நடுத்தரப் படம். கை மட்டும், கருவி மட்டும் தெரியும் கிட்டப் படம். முகம். கடைசியாக, இரண்டு பேருக்கு இடையே நடப்பது: பேரம், சண்டை, சிரிப்பு, காசு கைமாறுவது. இந்த ஐந்தாவதுதான் கஷ்டம், பத்திரிகைக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

டிபிசி என்று எல்லோரும் சொல்லும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் போர்த்திய குவியல்கள் தூரப் படம். மூட்டைத் தைப்பவரின் கையில் ஊசியும் சணலும் கிட்டப் படம். ஒரு பிடி நெல்லை ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் போட்டுவிட்டு எல்லோரும் எண்ணைப் பார்ப்பார்கள் பாருங்கள், அதுதான் ஐந்தாவது படம். 17 விழுக்காடு ஈரப்பதம் வரை வாங்கலாம் என்பது விதி. மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல். அந்தச் சின்னத் திரையில் 17-க்கு மேல் காட்டினால் நெல்லை மறுபடி காயவைக்க வேண்டும், அன்றைக்குக் காசு இல்லை. இது தெரிந்தவர் கேமராவை மீட்டரின் பக்கம் வைக்காமல், எண்ணைப் பார்க்கும் விவசாயியின் முகத்துக்குத் திருப்புவார். விஷயம் தெரியாமல் நல்ல படம் எடுக்க முடியாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் ஒரு பயிற்சி. வாய்க்காலில் ஒரு மதகையோ மின்கம்பத்தையோ அடையாளம் வைத்து, அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் பிடித்து மாதம் இரண்டு படம். கோடையில் தூர்வாரும்போது ஒன்று, முடிந்தபின் ஒன்று, தண்ணீர் வந்த அன்று ஒன்று. வருஷக் கடைசியில் இவற்றை வரிசையாக வைத்தால் யாரும் மறுக்க முடியாத செய்தி அது.

நோட்டு

சட்டைப் பையில் அடங்கும் நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும். இங்க் பேனா வேண்டாம், வயலில் நனைந்தால் ஒன்றும் மிஞ்சாது. தேதி, நேரம், இடம் முதல் வரியில். பெயரை இனிஷியலோடு கேட்டு, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஒரே தெருவில் நாலு முருகையன் இருப்பார்கள். எந்த முருகையன் சொன்னார் என்று அடுத்த நாள் யாராவது கேட்பார்கள். வயது, ஊர், என்ன வேலை, சொந்த நிலமா குத்தகையா என்பதும் வேண்டும். குத்தகை விவசாயிக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பயிர்ச் சேதத்தில் கிடைப்பது ஒன்றாக இருக்காது.

அளவுகளில்தான் நிருபர்கள் அடிக்கடி வழுக்குவார்கள். “ஏழு மா நடவு” என்றால் நகரத்து வாசகருக்குப் புரியாது. நம் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஆகவே ஏழு மா என்பது இரண்டே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மூட்டை இன்னும் மோசம். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. ஊரில் விளைச்சல் சொல்லும்போது பெரும்பாலும் 60 கிலோ மூட்டைக் கணக்கு. “300 மூட்டை நனைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் அது 12 டன்னா 18 டன்னா? எந்த மூட்டை என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கும் பழக வேண்டும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் ஓடுவது 86.4 கோடி கன அடி, ஒரு டி.எம்.சி கூட இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் இதைப் போட்டுப் பார்க்காமல் செய்தி எழுதுகிறவர்கள் உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் பல நாள். ஜூன் 12 என்பதும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். 2024-ல் திறந்தது ஜூலை 28. “தண்ணீர் திறப்பு” என்பது ஒரு செய்தி, “எங்கள் வாய்க்காலுக்கு வந்தது” என்பது வேறு செய்தி.

கேட்பது

அனுமதி கேட்டபின்தான் போன் வெளியே வர வேண்டும். “தாத்தா, நான் இன்னாருடைய பேத்தி, பள்ளிக்கூடப் பத்திரிகைக்கு எழுதுறேன், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நடவு செய்யும் பெண்களைப் பின்னாலிருந்து எடுத்த படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். யாருக்கும் தன்னை அப்படிப் பார்க்கப் பிடிக்காது. வரப்பில் உட்கார்ந்து, முன்பக்கமாக, அவர்கள் கண் மட்டத்துக்குப் போனை இறக்கி எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். “பெரியம்மா, எந்த ஊர்ல இருந்து வந்திருக்கீங்க? கூலி எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை மா நடுவீங்க?” என்று அதன்பின் கேட்டால் பதில் தானாக வரும்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். “கஷ்டமா இருக்கா?” என்று கேட்டால் “ஆமா” என்பார். “நேத்து சாயங்காலம் மழை வந்ததும் என்ன பண்ணீங்க?” என்று கேட்டால் முழுக் கதையும் சொல்வார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு வித்தை, நம் ஆட்களுக்கு அது கொஞ்சம் சிரமம்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். விவசாயியிடம் பேசியபின் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தரிடமும் கேளுங்கள். பேச மறுத்தால் மறுத்தார் என்று எழுதலாம். பள்ளிப் பிள்ளைகளை விரட்டுகிறவர்களும் உண்டு, ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருங்கள். காகிதமாகத் தகவல் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். வீட்டுப் பெரியவர் பெயரில் போடுவது நல்லது.

கேட்டுப் பழக நல்ல இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன கேட்டார், தலைவர் என்ன சொன்னார், தீர்மானம் என்ன என்று குறித்துக்கொண்டு வந்து ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த சபையில் பழைய நோட்டைப் பிரித்துப் பாருங்கள். அங்கே பாதிச் செய்தி கிடைக்கும்.

எழுதுவது

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாணவர்கள் கொண்டுவரும் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: “நாட்டின் முதுகெலும்பான விவசாயிகள் இன்று கண்ணீர் வடிக்கிறார்கள்.” இது மேடைப் பேச்சு. இதில் ஊர் இல்லை, நாள் இல்லை, நெல்கூட இல்லை.

உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “திங்கள் இரவு பெய்த மழையில் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் அடுக்கியிருந்த 300 சிப்பம் நெல் நனைந்தது. லாரி வராததால் ஆறு நாளாக மூட்டைகள் வெளியில் கிடக்கின்றன என்கிறார் பட்டியல் எழுத்தர்.” முக்கியமானது முதலில், மற்றது இறங்குவரிசையில். பக்கம் வைக்கிறவர் கீழிருந்து வெட்டினாலும் உயிர் போகாது.

இந்த உதாரணத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: நனைந்தது யாருடைய நெல்? எடை போட்டுச் சிப்பம் கட்டி ரசீது கொடுத்தாகிவிட்டால் அது அரசு நெல், நஷ்டம் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு. எடைக்குக் காத்துக் குவியலாகக் கிடப்பது விவசாயியின் நெல். முளைத்துப்போனால் நஷ்டம் அவருக்கு. படத்தில் இரண்டும் ஈர நெல்லாகத்தான் தெரியும். வித்தியாசத்தை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

ஆகவே படவிளக்கத்தைக் கடைசி நிமிடத்தில் கிறுக்காதீர்கள். இரண்டு வாக்கியம் போதும். முதல் வாக்கியம் படத்தில் யார், எங்கே, என்றைக்கு என்ன செய்கிறார் என்பது. இரண்டாவது, படத்தில் தெரியாத ஒரு தகவல். “சோகத்தில் விவசாயி” என்று எழுதினால் வாசகர் ஏற்கெனவே பார்த்ததைத் திருப்பிச் சொல்கிறீர்கள். “எடைக்காக நான்காவது நாளாகக் காத்திருக்கும் குத்தகை விவசாயி” என்றால் படமே வேறாகிவிடும். வாரம் ஒரு படத்துக்கு இப்படி இரண்டு வாக்கியம் எழுதுவதை நான் எல்லாப் பயிற்சிக்கும் மேலாக வைப்பேன்.

எடுக்கக் கூடாதவை, போடக் கூடாதவை

பாலியல் குற்றத்துக்கு ஆளான சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றம். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. பள்ளி, தெரு, பெற்றோர் பெயர், வீட்டு வாசல் படம் என எது அடையாளம் காட்டினாலும் தவறுதான். ஆற்றில் மூழ்கியவர் உடல், விபத்தில் அடிபட்டவர் முகம், துக்க வீட்டுக் கூடம் ஆகியவற்றை உங்கள் வயதில் எடுக்கத் தேவையே இல்லை.

கொள்ளிடத்தில் தண்ணீர் போகும்போது மணல் திட்டுக்கு இறங்காதீர்கள். மதகு ஷட்டர் மேல் ஏறாதீர்கள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் படித்துறையின் கீழ்ப்படியில் நின்று பின்னால் நகர்ந்து படம் எடுப்பது ரொம்ப ஆபத்து. எங்கே போனாலும் வீட்டில் சொல்லிவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள். கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, வாசல் பலகையைப் பாருங்கள். தொல்லியல் துறை இடங்களில் டிரைபாடுக்கு அனுமதி வேண்டும்.

படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் கூடாது. வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம். குப்பையை அழிக்கும் பட்டனைத் தொட்டால் அது செய்திப் படம் இல்லை. மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளப் படங்களில் பாதி பழையவை. 2018 கஜா புயலில் விழுந்த தென்னைகள் இன்னும் வருஷாவருஷம் விழுந்துகொண்டிருக்கின்றன. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

வெளியிடுவது

பள்ளிச் சுவரில் ஒரு சார்ட்டில் தொடங்குங்கள். மாதம் ஒரு இதழ், நான்கு படம், இரண்டு செய்தி. நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. சுதேசமித்திரன் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர். கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருக்கும்போதே ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942-ல் முரசொலி அதே ஊரில்தான் தொடங்கியது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், கையால் எழுதிப் பிரதி எடுத்துப் பக்கத்து வகுப்புக்குக் கொடுக்கும் அந்த உழைப்பைப் பாருங்கள்.

அடுத்த கட்டமாகப் பாரி என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய இணைய இதழ், தமிழிலும் வருகிறது. அதன் கல்விப் பிரிவு மாணவர் எழுதுவதையும் வெளியிடுகிறது. அனுப்பும் முன் அதில் வந்த பத்துக் கட்டுரைகளையாவது படித்து, படவிளக்கங்களை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். உள்ளூர் நாளிதழ் நிருபரைத் தெரிந்தால் உங்கள் வாய்க்கால் படங்களைக் காட்டலாம். படம் போட்டால் பெயரும் போடச் சொல்லுங்கள்; எடுத்தவருக்கே காப்புரிமை, வயது ஒரு பொருட்டில்லை. அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கி, எடுத்த தேதி நேரம் போன்ற உள்விவரமும் போய்விடும்.

கேமராவும் கல்லூரியும்

ஒரு வருஷம் இப்படி ஓட்டியபின் போன் போதவில்லை என்று தோன்றினால், தோன்றிய காரணத்தைச் சொல்லத் தெரிந்தால், அப்போது வாங்கலாம். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, கூடவே வரும் 18-55 லென்ஸ், அப்புறம் 50 எம்எம் எப் 1.8 லென்ஸ். தஞ்சாவூர், கும்பகோணம் ஸ்டுடியோக்காரர்கள் மாற்றும்போது விற்பார்கள். எத்தனை ஷட்டர் ஓடியது, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று கேளுங்கள், லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அரிசி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், தூசி ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும்.

பிளஸ் டூவுக்குப் பின் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), இதழியல் என்று இளங்கலைப் படிப்புகள் உண்டு. எந்தக் குரூப் எடுத்தாலும் பெரும்பாலும் சேரலாம். பொருளாதாரமோ வரலாறோ வேளாண்மையோ படித்துவிட்டு முதுகலையில் இதழியலுக்கு வந்தாலும் நஷ்டமில்லை. விஷயம் தெரிந்த நிருபருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். நேர்காணலில் உங்கள் வேலையைக் கேட்பார்கள். அப்போது காட்ட, ஒவ்வொரு மாதப் படத்தையும் தனி ஃபோல்டரில் தேதி, ஊர், ஆள் பெயரோடு சேமித்து, இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.